தவசு காலத்தில் திரேசக்கா கைவிட்டது

போன மாதம் இரண்டு இளம் தாதிகள் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்காரருக்கென்று ஒரு யோகா அறை திறக்கப் போகிறார்களாம். நான் வந்து நாலு வார்த்தை பேச வேண்டுமாம்.

"அந்தக் காலத்திலேயே நீங்கள் வன்னியில யோகா சொல்லிக் குடுத்தனீங்கள் எண்டு சொல்லுகினம், அம்மா."

"ஆர் சொல்லுகினம்? என்னட்டைப் பழகின ஆக்களில முக்கால்வாசிப் பேர் செத்துப் போச்சினம்" என்றேன்.

பிள்ளைகளின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு வாய் எப்போதுமே கொஞ்சம் கூட. என் மனுசன் இருந்த காலத்தில், "உன்ர வாய்க்குப் பயந்துதான் நோயாளர் கெதியாச் சுகமாகி வீட்டை ஓடுகினம்" என்பார். தேத்தண்ணி போட்டுக் கொடுத்து அவர்களைச் சமாதானப்படுத்தினேன். மேடையில் பேச வரமாட்டேன், வேண்டுமென்றால் எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது. திறப்பு விழாவில் வாசிக்க ஏற்றதாக இராது. வாசிக்கச் சொல்லி நான் கேட்கவும் இல்லை.

நான் வற்றாப்பளையில் பிறந்தவள். யாழ்ப்பாணத்தில் தாதிப் பயிற்சி எடுத்தேன். அங்கே ஆட்களைத் தூக்கித் தூக்கி எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் தன் வீட்டு விறாந்தையில் யோகா பழக்குவார். ஆறு மாதம் அவரிடம் போனேன். ஆசனங்களை விட மூச்சைத்தான் அவர் அதிகம் பழக்கினார். முதுகு சுகமானதும் போவதை விட்டுவிட்டேன். என் யோகப் படிப்பு அவ்வளவுதான். பிறகு பரந்தனில் கலியாணம் முடித்து அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தேன். சண்டையால் கிளிநொச்சியை விட்டுச் சனமெல்லாம் காட்டுப் பக்கம் ஓடியபோது ஆஸ்பத்திரியும் கட்டிலும் போத்தலுமாக ஓடியது. ஒரு பள்ளிக்கூடத்தில் போய் நின்றோம். வகுப்பறைகள் வாட்டுகள் ஆகின. கரும்பலகைகளைக் கழற்ற நேரமில்லாமல் அப்படியே விட்டுவிட்டோம்.

அங்கே எங்களுக்கு ஒரே ஒரு டொக்டர். அவருடைய பெயரை எழுதவில்லை. டொக்டர் ஐயா என்றே சொல்கிறேன். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அவருடைய ஒரு பழக்கத்தில்தான் வந்து நிற்கிறது.

அவர் நோயாளரைப் பார்க்கும்போது கதிரையில் உட்காரவே மாட்டார். கதிரை போட்டால், "இருந்தனெண்டால் எழும்ப மாட்டன், எடும்" என்பார். காலைமுதல் நின்றபடிதான். நோயாளர் சொல்வதை இடையில் மறிக்காமல் கேட்பார். முகத்தைப் பார்ப்பார், பிறகு கையைப் பிடித்து நடக்கவிட்டுப் பார்ப்பார். எக்ஸ்ரே இல்லை, இரத்தம் சோதிக்கவும் வழி இல்லை, கண்ணும் காதும் கையும்தான் இருந்தன. எல்லாம் முடிந்ததும் என் பக்கம் திரும்பாமல், நிலத்தைப் பார்த்தபடி ஒரு கேள்வி கேட்பார்.

"வேற ஏதும் இருக்கோ, மிஸ்ஸி?"

தாதிமாரை அங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு நோயாளருக்கும் இந்தக் கேள்வி உண்டு. நான் பதில் சொல்லும் வரைக்கும் அவர் பேனாவின் மூடியைக் கழற்ற மாட்டார். நாள் முழுவதும் பக்கத்தில் இருப்பவள் தாதி, டொக்டர் காணாததை அவள் கண்டிருப்பாள் என்பது அவருடைய எண்ணம். மூடி கழன்றால் முடிவு எழுதப்படும். எழுதியதை அவர் மாற்றி நான் கண்டதில்லை.

மருந்துக்குப் பட்ட பாட்டை அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பனடோல் மாத்திரையைக் கூட எண்ணித்தான் கொடுத்தோம். நோவுக்குப் போடும் பலமான ஊசி இருந்தால் அது காயப்பட்டு வந்தவர்களுக்கே காணாது. இதற்குள் புற்றுநோய்க்காரர். கொழும்புக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு, வீட்டில் விட்டு வந்த பிள்ளைகளைப் பார்க்க வன்னிக்குத் திரும்பி வருவார்கள். அடுத்த மருந்துக்குத் திரும்பவும் இராணுவ எல்லை தாண்ட வேண்டும். வந்த இடத்தில் சத்தி எடுத்து எடுத்துக் குடல் வெளியே வருமாப்போல் கிடப்பார்கள்.

ஒருநாள் டொக்டர் ஐயா என்னைக் கூப்பிட்டார். "உமக்கு ஏதோ மூச்சுப் பயிற்சி தெரியுமெண்டு கேள்விப்பட்டன்."

"அது சும்மா ஆறு மாசம், ஐயா."

"ஆறு மாசம் காணும். நோயை மாத்தச் சொல்லிக் கேக்கேல்லை. ஒரு கோப்பை கஞ்சி வயித்தில நிக்கிறதுக்கு ஏதும் செய்யும் பாப்பம்."

அப்படித்தான் தொடங்கியது. கடைசி வகுப்பறையில் பாய் விரித்து, ஒருச்சாய்த்துப் படுக்க வைத்து, முழங்காலுக்கு இடையில் மடித்த சாக்கு வைப்பேன். ஒரு கை வயிற்றில் இருக்க வேண்டும். நாலு எண்ணி மூச்சை எடுத்து, ஆறு எண்ணி விட வேண்டும். கஞ்சி வருவதற்கு அரை மணித்தியாலம் முதலே தொடங்குவேன், குசினி மணம் மூக்கில் ஏறிய பிறகு தொடங்கிப் பிரயோசனம் இல்லை. மார்பு வெட்டிய பெண்களுக்குக் கை தூக்கும் பயிற்சி. கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தி, மூச்சை எடுத்துக்கொண்டே விரல்களால் பலகையில் ஏறச் சொல்வேன். எட்டிய இடத்தில் சோக்கால் ஒரு கோடு கீறி, பக்கத்தில் பெயரின் முதல் எழுத்தைப் போடுவேன். நாளைக்கு அந்தக் கோட்டுக்கு மேலே போக வேண்டும். உண்மையைச் சொன்னால் சிலருக்குக் கஞ்சி நின்றது, கை மேலே போனது, நித்திரை வந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனால் மருந்தில்லாத இடத்தில் அதுவே பெரிய காரியமாக இருந்தது. எனக்குத் தலைக்கனமும் வந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

திரேசக்கா வந்தது அடுத்த வருடத் தொடக்கத்தில். சொந்த ஊர் கொக்கிளாய். இடம்பெயர்ந்து முல்லைத்தீவுக் கரைக்கு வந்து, அங்கிருந்தும் எழும்பி, கடலே கண்ணில் படாத காட்டோரத்தில் ஒரு கொட்டிலில் இருந்தார்கள். புருசன் சவிரி. கடல்தொழில் தவிர வேறு தெரியாத மனுசன், விறகு வெட்டிக்கொண்டிருந்தார். திரேசக்காவுக்கு வயது நாற்பத்திரண்டு. இடது மார்பைக் கொழும்பில் எடுத்து, நாலு முறை மருந்தும் ஏற்றியாகிவிட்டது. இன்னும் இரண்டு முறை இருந்தது. மூன்று பிள்ளைகளைப் பார்க்க வந்தவவுக்குத் திரும்பிப் போக வேண்டிய திகதி நெருங்கிக்கொண்டிருந்தது.

சவிரி சைக்கிள் கரியரில் வைத்துக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார். அக்கம்பக்கத்தில் யாரோ, "உது சைவக்காரற்றை வேலையெல்லே" என்றிருக்கிறார்கள். அவ என்னிடமே கேட்டா.

"மிஸ்ஸி, நாலு எண்ணுறதுக்குப் பதிலாச் சேசுவேயெண்டு சொல்லி மூச்சை எடுத்து, இரங்குமெண்டு சொல்லி விடட்டோ? செபமாலையும் முடியும், உங்கட யோகாவும் முடியும்."

"எதையெண்டாலும் சொல்லுங்கோ. விடுற மூச்சு எடுக்கிறதிலும் நீளமா இருந்தால் எனக்குக் காணும்."

"அப்ப இரங்கும் சுவாமியெண்டு நீட்டிச் சொல்லுறன்."

நான் சிரித்துவிட்டேன். வேலை நேரத்தில் நான் சிரிப்பது குறைவு. இரண்டு கிழமையில் அவவின் கோடு கரும்பலகையின் மேல் சட்டத்துக்கு நாலு விரல்கடை கீழே நின்றது. மற்றப் பெண்களுக்கு அவவைத்தான் காட்டுவேன். "திரேசக்காவைப் பாருங்கோ, எப்பிடி அசையாமல் இருக்கிறா" என்பேன்.

பிறகு ஒருநாள் பலகையில் ஏறிக்கொண்டிருந்தவ பாதியில் கையை இறக்கிவிட்டா.

"முதுகு, மிஸ்ஸி. நடு முதுகில ஆரோ ஆப்பு இறுக்கிற மாதிரிக் கிடக்கு. இருமினால் முன்னுக்கு வந்து சுத்திப் பிடிக்குது."

"எத்தினை நாளா?"

"நாலு நாள் இருக்கும்."

நாலு நாளுக்கு முதல்தான் நான் அவவுக்குப் பின்னால் வளைகிற ஒரு பயிற்சியைப் புதிதாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவசரப்பட்டுக் கொடுத்தது. என் மண்டைக்குள் உடனே ஓடியது ஒன்றுதான். இது என் பயிற்சியால் வந்த பிடிப்பு. டொக்டர் ஐயாவுக்குத் தெரிந்தால் முழுவதையும் நிற்பாட்டச் சொல்வார். மார்பில் புற்றுநோய் இருந்தவளுக்கு முதுகெலும்பில் நோ வந்தால் என்ன யோசிக்க வேண்டும் என்று பயிற்சிக் காலத்திலேயே படித்தவள் நான். படித்தது ஒரு பக்கம் கிடந்தது, என் பயம் முன்னுக்கு வந்து நின்றது.

"வளைஞ்சது கூடிப்போச்சு. அதை விட்டிட்டுப் படுத்துக்கிடந்து மூச்சை மட்டும் செய்யுங்கோ. ரெண்டு நாளில மாறும்" என்றேன். அவவும் தலையாட்டினா.

மாதத்தில் இரண்டு முறை ஒரு தொண்டு நிறுவன வாகனம் வரும். கொழும்பில் சிகிச்சை வேண்டிய நோயாளரை எல்லை வரை கொண்டுபோகும். அங்கிருந்து வவுனியா, பிறகு கொழும்பு. வாகனத்தில் ஐந்து இடம். ஒரு கிழமைக்கு முதலே பெயர்களை அனுப்பி அனுமதி எடுக்க வேண்டும், அனுப்பிய பிறகு ஒரு பெயரையும் மாற்ற ஏலாது. அந்த ஐந்து பெயரை டொக்டர் ஐயா ஒருவர்தான் தெரிந்தெடுப்பார். பெயர் எழுதுகிற அன்றைக்குப் பதினொரு பேர் வந்திருந்தார்கள்.

திரேசக்கா வாங்குப் பலகையில் இருந்தா. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. உதடு மட்டும் மெல்ல அசைந்தது. பக்கத்தில் போய், "முதுகு எப்பிடி?" என்று கேட்டேன்.

"அதைக் கேக்காதேங்கோ, மிஸ்ஸி. தவசு காலமெல்லே, நாப்பது நாளைக்கு எதையாவது கைவிட வேணும். ஊர்ச் சனம் இறைச்சியை விடுகினம். இறைச்சியைக் கண்ணாலயே காணாத நான் எதை விடுறது? அதால இந்த முறை நோவைச் சொல்லுறதை விட்டிருக்கிறன். பெரிய வெள்ளி வரைக்கும் வாய் திறக்க மாட்டன். எல்லாத்தையும் அவருக்கு ஒப்புக்குடுத்தாச்சு."

வற்றாப்பளையில் அம்மனுக்கு நேர்த்தி வைத்துக் காவடி எடுக்கிற சனத்துக்குள் வளர்ந்த எனக்கு இது விளங்காத விசயம் இல்லை. கெட்டிக்காரி என்று நினைத்தேன். அதைவிட வேறொன்றையும் நினைக்கவில்லை.

முறை வந்தது. டொக்டர் ஐயா அவவின் முகத்தைப் பார்த்தார். "எப்பிடி இருக்கிறியள், அம்மா?"

"கடவுள் புண்ணியத்தில நல்லா இருக்கிறன், ஐயா."

"சாப்பாடு?"

"நிக்குது, ஐயா."

"ஒருக்கால் நடந்து காட்டுங்கோ."

வாசல் வரை நடந்து திரும்பி வந்தா. ஒவ்வொரு அடிக்கும் மூச்சை அளந்து விட்டது எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் அளக்கப் பழக்கியவள் நான். மற்றவர்களுக்கு அது நிதானமான நடை.

டொக்டர் ஐயா சிரித்தார். அவரும் குறைவாகச் சிரிக்கிறவர்தான். "மிஸ்ஸி, உம்மட வித்தை வேலை செய்யுது" என்றார். பதினொரு நோயாளருக்கு முன்னால், இரண்டு தாதிமாருக்கு முன்னால் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பொய் சொல்லி என்ன? இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் குளிர்ச்சி தெரிகிறது, அதுதான் வெட்கம்.

பிறகு நிலத்தைப் பார்த்துக் கேட்டார். "வேற ஏதும் இருக்கோ, மிஸ்ஸி?"

திரேசக்கா என்னைப் பார்த்தா. நான் சொல்வேன் என்று பார்த்தாவா, சொல்ல வேண்டாம் என்று பார்த்தாவா, எனக்குத் தெரியாது.

"இல்லை, ஐயா" என்றேன்.

அவர் மூடியைக் கழற்றினார். மருந்து இரண்டு கிழமை பிந்தினால் பெரிய பிழை வராது என்று சொல்லி, அவவின் பெயருக்கு நேரே அடுத்த முறை என்று எழுதினார். ஐந்தாவது இடம் இரத்தப்போக்கோடு கிடந்த ஓர் இளம் தாய்க்குப் போனது. அந்தத் தாய்க்கு அந்த இடம் கொடுத்தது பிழை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் ஐந்து பேரில் யாரை விட்டிருப்பார் என்றும் தெரியாது. ஆனால் அது அவர் யோசிக்க வேண்டியது. யோசிக்க அவருக்குத் தேவையான விசயத்தை நான் என் மடிக்குள் ஒளித்து வைத்திருந்தேன்.

வெளியில் வந்த திரேசக்கா என் கையைப் பிடித்தா. "ஒருக்காலும் முகம் சுழிக்கேல்லை, பாத்தனீங்களோ மிஸ்ஸி?"

"பாத்தனான். நல்லாச் செய்தனீங்கள்" என்றேன்.

வாகனம் போய் ஆறாம் நாள் காலை, சவிரியும் இன்னொருவரும் திரேசக்காவை ஒரு கதிரையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். கால் இரண்டும் தொங்கின. சிறுநீர் போகவில்லை. கட்டிலில் கிடத்தினோம். டொக்டர் ஐயா எப்போதும் பையில் வைத்திருக்கும் சைக்கிள் கம்பியை எடுத்து உள்ளங்காலில் கீறினார். அவவுக்கு ஒன்றும் தெரியவில்லை. வயிற்றுக்கு மேலே வரும் வரை ஒன்றும் தெரியவில்லை. முதுகெலும்பில் நோய் இறங்கி நரம்பை நெரித்துவிட்டது. கால் விழுவதற்கு முதல் கொழும்புக்குப் போய்க் கறண்ட் என்று சனம் சொல்லும் கதிர்ச் சிகிச்சை பிடித்திருந்தால், கால் நின்றிருக்கக்கூடும். உயிர் நின்றிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தன் காலால் குசினிக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு ஒரு வாய் கஞ்சி காய்ச்சியிருப்பா. அது எத்தனை மாதம் என்றாலும் அவவுடைய மாதங்கள்.

"முதுகு நோ எப்ப தொடங்கினது, அம்மா?"

திரேசக்கா என்னைத்தான் பார்த்தா. பிறகு அவரைப் பார்த்து, "முந்தநாள்தான், ஐயா" என்றா.

தவசு காலத்தில், செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, எனக்காகப் பொய் சொன்னா.

டொக்டர் ஐயா பேனாவைக் கையில் எடுத்தார். மூடியைக் கழற்றவில்லை. வழக்கம்போல நிலத்தைப் பார்த்தார். "வேற ஏதும் இருக்கோ, மிஸ்ஸி?"

"இருக்கு, ஐயா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். வாகனத்துக்குப் பெயர் எழுதிய நாளுக்கு முதலே நோ இருந்தது, இருமினால் சுற்றிப் பிடித்தது, என் பயிற்சிமேல் பழி வந்துவிடும் என்று மறைத்தேன் என்று சொன்னேன். சவிரி கட்டிலின் கால்மாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மனுசன் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

 டொக்டர் ஐயா, அன்றுதான் முதல் தடவையாக, பக்கத்தில் கிடந்த கதிரையை இழுத்து அதில் இருந்தார்.

"நான் கேட்டனான், பிள்ளை" என்றார்.

அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னைப் பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. அடித்திருந்தால் ஆறியிருக்கும். நரம்பின் வீக்கத்தைக் குறைக்க இருந்த ஊசியெல்லாவற்றையும் திரேசக்காவுக்குப் போடச் சொன்னார். அடுத்த பட்டியலில் முதல் பெயராக எழுதினார். அடுத்த வாகனம் வரவில்லை. சண்டை தொடங்கிப் பாதை பூட்டிவிட்டார்கள். அதற்கடுத்ததும் வரவில்லை.

வேலையை விடும் வரைக்கும் நான் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். விட்டுவிட நினைத்தேன், டொக்டர் ஐயா விடவில்லை. "கஞ்சி நிக்குதெல்லே? செய்யும்" என்றார். ஆனால் பாயை விரிக்க முதல் ஒவ்வொருவரையும் எங்கே நோகுது என்று கேட்டு, விரலை வைத்துக் காட்டச் சொல்லி, எழுதி, அந்தத் துண்டை டொக்டரின் கையில் கொடுத்த பிறகுதான் பாயை விரிப்பேன். யோகா அறை திறக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இந்த ஒன்றுதான். சாந்தமாக இருக்கிற நோயாளியைக் கண்டு சந்தோசப்படாதேங்கோ. கிட்டப் போய்க் கேளுங்கோ.

திரேசக்கா கடைசி வகுப்பறையில்தான் கிடந்தா. கரும்பலகையில் அவவுடைய கோடு அப்படியே நின்றது. அதை அழிக்க எனக்கும் கை வரவில்லை, வேறு யாரும் தொடவும் இல்லை. நாள் முழுவதும் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருப்பா. கேட்டால், "பரவாயில்லை, மிஸ்ஸி" என்பா. பெரிய வெள்ளி போனது. உயிர்த்த ஞாயிறும் போனது. திங்கட்கிழமை காலை நான் போய் அவவின் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன்.

"திரேசக்கா, தவசு முடிஞ்சுது. இண்டைக்கு மூச்சு வேண்டாம். எங்க நோகுதெண்டு எனக்குச் சொல்லுங்கோ."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தா. கரும்பலகையைப் பார்த்தா. நான் எத்தனையோ பேருக்கு முன்னால் எடுத்துக்காட்டி மெச்சிய அந்த முகத்தில் முதல்முறையாக ஒரு சுழிப்பு வந்தது.

"இனிச் சொல்லலாமோ, மிஸ்ஸி?"

"ஓம்."

திரேசக்கா வாயைத் திறந்து கத்தினா. மற்ற வகுப்பறைகளிலிருந்து ஆட்கள் எழும்பி ஓடி வந்தார்கள். வாசலில் நின்ற சவிரி காதைப் பொத்தினார். நான் பொத்தவில்லை. ஒருக்காலும் நிற்பாட்டச் சொல்லவும் இல்லை.